கத்தி உறைக்கு எந்தப் பொருள்? உப்புக் காற்றடிக்கும் ஊருக்கான கணக்கு

கத்தி உறை என்றதும் எல்லோருக்கும் முதலில் தோல்தான் நினைவுக்கு வரும். தோல் நல்ல பொருள்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் உறை செய்ய இருப்பவர் பொருளின் அழகைப் பார்க்க முன்னர் ஈரம் எங்கே போகும் என்பதைப் பார்க்க வேண்டும். குடாநாட்டைச் சுற்றிக் கடல், நடுவிலே கடல்நீரேரி. உப்புக் காற்று படாத ஊர் இங்கே மிகக் குறைவு. கறியுப்பு காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் உப்புப் பரணி எப்படிக் கசிகிறதோ, உறைக்குள் ஒட்டிய உப்பும் அப்படியே கசியும். கத்தியை வீட்டுக்குள், மழை படாத இடத்தில் வைத்திருந்தும் ஒரு கிழமையில் அலகில் செம்புள்ளி விழுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே வெளியே கொண்டுபோகும் கத்திக்கு எந்தப் பொருளில் உறை செய்தாலும் ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். உறை கத்தியைக் காவிக்கொண்டு போவதற்கு. வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, வெறும் அலகாகவே வைக்க வேண்டும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகத்தான் முடியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள்.

அடுத்துக் கத்தியின் உருக்கு. எங்கள் கொல்லர் பட்டறைகளில் அடிக்கும் காட்டுக்கத்தி, கொடுவாக்கத்தி பெரும்பாலும் பழைய லொறி வில்லுத்தகட்டில் வருபவை. நல்ல உருக்கு, கூர் நிற்கும், ஆனால் ஈரம் பட்டால் ஓர் இரவிலேயே துரு பிடிக்கும். கடையில் வாங்கும் 'துருப்பிடிக்காத' கத்தியும் உப்புக்கு முழுக்கத் தப்பாது. அதில் துரு மேலே படராமல் குண்டூசி முனை அளவான குழிகளாக உள்ளே இறங்கும், அதனால் கண்ணில் படப் பிந்தும். முதல் வகைக்கு உறைக்குள் காற்றோட்டம் வேண்டும். இரண்டாவது வகைக்கு உறை கழுவக்கூடியதாக இருக்க வேண்டும்.

தோலுக்கு வருவோம். தோலைப் பதனிடும் முக்கிய முறைகள் இரண்டு. மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவது ஒன்று. ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் இதற்குப் பழங்காலம் தொட்டே பயன்பட்டவை. மற்றது குரோமியம் உப்பில் பதனிடுவது. சப்பாத்து மேற்பகுதி, கைப்பை, கதிரை உறை ஆகியவற்றுக்கு வரும் மெத்தென்ற தோலெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. கத்தி உறைக்குப் பட்டையில் பதனிட்டதுதான் வேண்டும். அது விறைப்பாக நிற்கும், நனைத்து அச்சுப் பிடித்தால் காய்ந்தபின் அந்த வடிவத்தை விடாது. குரோமியத் தோல் அச்சுப் பிடிக்காது. தளர்வாக இருப்பதால் கத்தி முனை அதைக் குத்தி வெளியே வரும். அதில் மிஞ்சியிருக்கும் உப்புகளும் உருக்கை அரிக்கும்.

கடைக்காரர் எந்த வகை என்று சொல்லாவிட்டாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதி நீலமோ சாம்பலோ கலந்திருந்தால் குரோமியம், முழுத் தடிப்பும் ஒரே மரநிறமாக இருந்தால் பட்டை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். இன்னும் ஐயமென்றால் விரலளவு துண்டை வெட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு கட்டையாகும், குரோமியத் தோல் பெரிதாக மாறாது. இந்தச் சோதனையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது: அச்சுப் பிடிக்க நனைக்கும்போது சுடுநீர் பாவிக்கவே கூடாது.

தடிப்பு முக்கியம். சிறிய கத்திக்கு 2.5 மில்லிமீற்றர் போதும். அலகு 12 சென்ரிமீற்றரைத் தாண்டினால் 3 முதல் 3.5 வரை எடுங்கள். நான்குக்கு மேற்பட்ட தோலை முதுகுப் பக்கம் மடிக்கும்போது வெளிப்புறம் வெடிக்கும். மாட்டின் முதுகுப்பகுதித் தோல் அடர்த்தியானது, வயிற்றுப்பகுதி இழுபடும். மலிவாகக் கிடைக்கும் ஓரத் துண்டுகள் பெரும்பாலும் வயிறுதான். கையால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவு எடுக்கும் கணக்கு இது. மடித்துத் தைக்கும் உறைக்கு அலகின் அகலத்துடன் தையலுக்கு 15 மில்லிமீற்றர் கூட்டி, அதை இரட்டித்து, முதுகின் தடிப்பைச் சேர்த்து, மேலும் 6 மில்லிமீற்றர் தளர்வு விடுங்கள். அலகு 35, முதுகு 4 என்றால் மொத்த அகலம் 110. மிச்சத்தைத் தைத்தபின் சீவி எடுக்கலாம். குறைத்து வெட்டினால் அந்தத் துண்டு வீண். முதலில் பழைய காட்போட் மட்டையில் வெட்டி மடித்துப் பார்ப்பவருக்குத் தோல் வீணாகாது.

தோலுறைகள் கெடுவதில் பெரும்பங்கு, கூர்ப்பக்கத்தில் இடைப்பட்டை வைக்காததால் வருவது. இரண்டு தோலையும் நேரே சேர்த்துத் தைத்தால் கத்தி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கூர் நூலில் உரசும். சில மாதங்களில் தையல் உள்ளிருந்தே அறுந்து, ஒருநாள் கூர் வெளியே வந்து தொடையைக் கீறும். 3 மில்லிமீற்றர் தடிப்பும் 8 முதல் 10 மில்லிமீற்றர் அகலமும் உள்ள தோல் நாடாவை இரு பக்கத்துக்கும் நடுவில் வாயிலிருந்து நுனிவரை வைத்துத் தையுங்கள். கூர் அந்த நாடாவில்தான் தங்கும், நூலைத் தொடாது. முதலில் பசை போட்டு ஒட்டி, பின்னர் துளையிட்டு, ஓரத்திலிருந்து 4 மில்லிமீற்றர் உள்ளே, துளைக்குத் துளை 4 அல்லது 5 மில்லிமீற்றர் இடைவெளியில் தைக்க வேண்டும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும் தையல்தான் இதற்கு உகந்தது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றத் தையல் கழன்று ஓடாது. தையல் மெசினில் போடும் பூட்டுத்தையல் அப்படி நிற்காது.

நூலுக்குத் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் இழை, எடுக்காதீர்கள். எங்கும் கிடைப்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். ஒற்றை இழையாக வழுவழுவென்று இருப்பதால் முடிச்சு நழுவும், இறுக்கினால் ஈரத்தோலைக் கம்பிபோல அறுக்கும். 0.8 முதல் 1 மில்லிமீற்றர் வரையான முறுக்கிய பொலியெஸ்ரர் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்துப் பாவியுங்கள். வலை பொத்தும் முறுக்கு நைலோன் நூலும் சரிவரும். பருத்தி நூல் மாரியில் உக்கும்.

ஆணி, பொத்தான் எதுவானாலும் பித்தளை. சாதாரண இரும்பு பட்டைத் தோலில் பட்டு ஈரமானால் தோலில் உள்ள துவர்ப்புச் சத்துடன் சேர்ந்து நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும், தோலும் அந்த இடத்தில் நொறுங்கும். பித்தளையிலும் பச்சைக் களிம்பு வரும்தான், ஆனால் அது துடைத்தால் போகும்.

அச்சுப் பிடிக்கும்போது கத்திக்கு முதலில் எண்ணெய் பூசி, அதன்மேல் பொலித்தீனை இறுக்கமாகச் சுற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன அதே நீலக்கறுப்பு, அலகிலேயே விழும். தைத்த உறையைச் சாதாரண தண்ணீரில் குமிழி நிற்கும்வரை நனைத்து, கத்தியைச் செருகி, பிடி தொடங்கும் இடத்தை விரலால் அழுத்தி வடிவம் கொடுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் 24 முதல் 48 மணி நேரம். சோளகக் காற்று வீசும் நாட்களில் சீக்கிரம் காயும் என்றாலும் வெயிலில் வைக்காதீர்கள். வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வாய் கோணும். காய்ந்தபின் தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு நிறை எடுத்து, சட்டியை நேரே அடுப்பில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, மெல்லிய படையாக வெளியே மட்டும் பூசுங்கள். உட்பக்கம் எண்ணெய் ஊற்றி ஊறவைக்கும் பழக்கம் கெடுதலானது. தோல் மெத்தென்றாகி அச்சு போய்விடும், மண்ணும் ஒட்டும்.

இவ்வளவு செய்தாலும் கார்த்திகை, மார்கழியில் தோலில் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து நிழலில் காயவிட்டு, மீண்டும் மெழுகு பூசினால் போதும். அலுமாரிக்குள் பூட்டி வைப்பதைவிடக் காற்றுப் படத் தொங்கவிடுவது மேல். கடல் தொழிலுக்குப் போகும் கத்திக்குத் தோலுறை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தடவை கடல்நீர் குடித்த தோலிலிருந்து உப்பை முழுதாக எடுக்க முடியாது. எவ்வளவு காய்ந்தாலும் அடுத்த ஈரநாளில் உள்ளே கசியும்.

சைவ வீட்டுக் குசினிக்குள் மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள் பலர். அவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் கத்திகளுக்கும் மரம் மிகப் பொருத்தம்.

மரத்தில் நான் முதலாவதாகச் சொல்வது பூவரசு. வேலியிலே நிற்பது, இழை நெருக்கமானது, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் கோணாது. வேம்பும் நல்லது, பூச்சி எளிதில் தொடாது. இழை சில இடங்களில் முறுக்கிப் போவதால் உட்குழிவைச் சீவும்போது கூர் உளி வேண்டும். தேக்கு ஈரத்துக்கு நிற்கும், ஆனால் அதில் மணற்சத்து இருப்பதால் உளியும் வாளும் சீக்கிரம் மழுங்கும். முள்முருக்கு மிக இலகு, செதுக்கச் சுகம், ஆனால் வண்டு துளைக்கும். முதிரையும் பாலையும் உறைக்குத் தேவையில்லாத பாரம். கூருக்கு உறை மெத்தெனவே இருக்க வேண்டும். கடும் வைரமரத்தில் கூர் பட்டால் விட்டுக்கொடுப்பது கூர்தான்.

பனையைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. எங்கள் மண்ணின் மரம், ஆசை இருப்பது நியாயம். ஆனால் பனஞ்சிலாகையை அறுத்தவருக்குத் தெரியும், கறுத்த வைரம் ஊசி ஊசியாக நார் பிரியும், நடுச்சோறு மாவாக உதிரும். உள்ளே குழிவு எடுத்தால் அந்த நார் நுனிகள் அலகை ஒவ்வொரு முறையும் கீறும், சிராய் விரலில் ஏறும். வெளியே அலங்காரப் பட்டையாக ஒட்டலாம். அலகு தொடும் பக்கத்தில் பூவரசே இருக்கட்டும்.

மர உறையை இரண்டு பலகைகளில் செய்கிறோம். ஒவ்வொன்றும் 7 மில்லிமீற்றர் அளவு தடிப்பு, இழை நீளப்பாட்டில் ஓட வேண்டும். அலகை வைத்துக் கூரான பென்சிலால் வரைந்து, முதுகுத் தடிப்பில் பாதியை ஒவ்வொரு பலகையிலும் குழிவாக எடுக்கலாம். எல்லாக் குழிவையும் ஒரே பலகையில் எடுத்து மற்றதைத் தட்டையாக விடுவது இன்னும் நல்ல முறை. அப்போது ஒட்டும் கோடு கூருக்கு நேரே வராமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். கூர்ப் பக்கத்தில் 2 மில்லிமீற்றர் வெற்றிடம் விடுங்கள். அலகு முதுகாலும் பிடியருகாலும் மட்டும் மரத்தில் தங்க வேண்டும், கூர் அந்தரத்தில் நிற்க வேண்டும். நுனிக்கு அப்பால் 5 மில்லிமீற்றர் விடுங்கள். அதில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று கீழ்நோக்கி இருந்தால் உள்ளே சேரும் தூளும் ஈரமும் வெளியேறும்.

ஒட்டுவதற்கு இரண்டு கூறு கலக்கும் எப்பொக்சிப் பசை. குழிவின் ஓரத்திலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளிப் பூசுங்கள். அழுத்தும்போது மிஞ்சிய பசை உள்ளே வழிந்து கட்டியானால் அலகு அதில் இடிக்கும், பிறகு திறக்க வழியில்லை. சப்பானியர் தங்கள் வாளுறைகளைச் சோற்றுப்பசையால் ஒட்டுவதற்குக் காரணமே, பிற்பாடு பிளந்து உள்ளே சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம் என்பதுதான். வீட்டுக்குள் இருக்கும் கத்திக்கு நாமும் அப்படிச் செய்யலாம். வாயில் மட்டும் முறுக்கு நூலால் 15 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சுற்றிக் கட்டுங்கள். மர உறை பிளப்பது எப்போதும் வாயிலிருந்துதான்.

மரம் எப்போது வெட்டியது, எந்தக் காலத்தில் செய்கிறீர்கள் என்பதும் கணக்கு. பச்சை மரத்தில் செய்தால் காய்ந்து சுருங்கி வெடிக்கும். பலகையாக அறுத்து நிழலில் நான்கைந்து மாதமாவது அடுக்கி வையுங்கள். கோடையில் இறுக்கமாகப் பொருத்திய உறை மாரியில் ஊதிக் கத்தியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்து எடுப்பவர் கை வழுக்கிக் கூரில் போகும். கோடையில் செய்வதானால் ஒரு தடித்த கடதாசித் தாள் அளவு தளர்வு விட்டே செய்யுங்கள். வெளியே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு, உள்ளே ஒன்றும் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

கடலுக்கும் சேற்றுக்கும் பீவீசி பைப்தான் என் தெரிவு. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும், உப்பு உள்ளே ஊறாது, ஒரு வாளி நல்ல தண்ணீரில் அலசினால் சுத்தமாகிவிடும். கைடெக்ஸ் என்று வெளிநாட்டில் கத்தி உறைக்கென்றே விற்கும் தகடும் பீவீசியும் அக்ரிலிக்கும் கலந்த பொருள்தான்.

பைப்பின் அளவுக்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. விட்டத்தை 3.14 ஆல் பெருக்கினால் விரித்த அகலம் வரும். 50 மில்லிமீற்றர் பைப் விரித்தால் 157. அலகு 40 மில்லிமீற்றர் உள்ள கத்திக்கு இது தாராளம். காட்டுக்கத்திக்கு 63 அல்லது 75 எடுங்கள். தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர். கூரைத் தண்ணீர் இறக்கும் மெல்லிய பைப் நொறுங்கும்.

நீளப்பாட்டில் ஒரு பக்கம் வாளால் கீறி, 130 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் மின் அவணுக்குள் ஐந்து நிமிடம் வைத்தால் பழைய தோல்போலத் துவளும். உடனே இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தித் தட்டையாக்குங்கள். பிறகு திரும்பச் சூடாக்கி, கத்தியின் முதுகைச் சுற்றி மடித்து, பலகைக்கும் பீவீசிக்கும் இடையில் ஒரு விரற்கடைத் தடிப்பான ஸ்பொஞ்ச் வைத்து, இறுக்கி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இந்தச் சூட்டில் உருக்கின் பதம் கெடாது. ஆனால் கத்தியை வெறும் அலகாக வைத்து அச்சுப் பிடித்தால் உறை இறுகி அலகைச் சுரண்டும். கடதாசி ரேப் இரண்டு சுற்று ஒட்டிவிட்டு அச்சுப் பிடித்து, பின்னர் ரேப்பை உரித்தால் வேண்டிய தளர்வு கிடைக்கும். கொதிநீரில் செய்யப் பார்த்தால் துவளும், ஆனால் வெளியே எடுத்துப் பலகைக்குள் வைப்பதற்குள் விறைத்துவிடும்.

கரியடுப்பில் காட்டாதீர்கள். ஒரு பக்கம் கருகி மற்றப் பக்கம் விறைப்பாகவே இருக்கும். கருகும் பீவீசியிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு வரும். மூக்கையும் நெஞ்சையும் எரிக்கும், பக்கத்திலுள்ள கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். பைப் மண்ணிறமாகத் தொடங்கினாலே சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பாவிக்கும் அவணை இதற்கு எடுக்கவும் வேண்டாம், வேலையை வெளியில் காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

ஓரத்தைப் பூட்டுவதற்கு அலுமினிய பொப் றிவெற் பலர் போடுகிறார்கள். அதன் நடுவில் முறிந்து நிற்கும் தண்டு இரும்பு, கடலில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். 30 மில்லிமீற்றர் இடைவெளியில் துளையிட்டு முறுக்கு வலைநூலால் கட்டினாலே போதும், உலோகமே வேண்டாம், அறுந்தால் படகிலேயே திரும்பக் கட்டலாம். கட்டும் கோடு கூரிலிருந்து 6 மில்லிமீற்றர் தள்ளி இருக்கட்டும். நுனியில் 6 மில்லிமீற்றர் வடிகால் துளை கட்டாயம்.

பீவீசியின் குறைகள் மூன்று. மண் உள்ளே போனால் தோல்போல உள்வாங்காது, அலகுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அரைக்கும். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் பாவிப்பவர் அடிக்கடி அலச வேண்டும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வெளிறி முறியும். வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தின் முன்தட்டில் வைத்தால் இளகி வாய் விரியும்.

பனையோலையில் இழைத்த உறை சத்தகம் போன்ற சின்னக் கத்திக்கும் வீட்டுக்குள் தொங்கும் கத்திக்கும் நல்லது. காற்றுப் போய்வரும், பிய்ந்தால் புதிதாக இழைக்கலாம். முனை குத்தி வெளியே வருவதால் காவுவதற்கு ஏற்றதல்ல. கமுகு மடலைத் தண்ணீரில் ஊறவைத்து மடித்துக் கட்டிக் காயவிட்டாலும் விறைப்பான தற்காலிக உறை கிடைக்கும். சைக்கிள் ரியூபைச் சுற்றி வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரத்தை இறுக்கிப் பூட்டி வைக்கும், அதனுள் துரு மிக வேகமாகப் பரவும். றெக்சின் ஒரு மாரியில் உரியும்.

கொடுவாக்கத்திக்கு மூடிய உறை எந்தப் பொருளிலும் சரிவராது. வளைந்த நுனி வாயை விட அகலம், நேரே இழுத்தெடுக்க முடியாது. முதுகுப் பக்கம் திறந்த, கூரை மட்டும் மூடும் உறையாகச் செய்து, இரண்டு இடத்தில் வாரால் கட்டுங்கள். வளைவு பெரிதென்றால் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளப்பாட்டில் கீறிக் கூரில் மாட்டுவது எளிய வழி. கழற்றும்போது நுனிப்பக்கமிருந்து பிடிப்பக்கம் இழுக்காமல், முதுகுப் பக்கம் விரலை வைத்து வெளிநோக்கித் தள்ளிக் கழற்ற வேண்டும்.

கட்டும் இடத்தையும் முன்பே யோசியுங்கள். உறை விற்பவர்கள் எல்லோரும் இடுப்புப் பட்டிக்குத்தான் வளையம் வைக்கிறார்கள். தோட்டத்தில் சாரத்தோடு நிற்பவருக்குப் பட்டி இல்லை. கள்ளுச் சீவும் தொழிலாளர் தங்கள் கத்தி வைக்கும் இயனக்கூட்டைக் கயிற்றில் கட்டுவதுபோல, உறையின் மேற்பகுதியில் 40 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு துளை போட்டு இடுப்புக் கயிற்றில் கோர்க்கலாம். ஒரே துளையில் தொங்கினால் குனியும்போது உறை சுழன்று வாய் கீழே போகும். துளை தோலில் என்றால் பித்தளை வளையம் அடித்து, பின்பக்கம் ஒரு துண்டுத் தோல் வைத்து இரட்டிப்பாக்குங்கள். மரத்தில் என்றால் குழிவைத் தொடாதபடி முதுகுப் பக்கத்தில் 12 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டுத்தான் பலகையை வெட்டத் தொடங்க வேண்டும்.